கடைக்குட்டிக்கும் பாயில் இடம் வேண்டும்

வீடே முதற்பள்ளி என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால், வீட்டில் அண்ணனும் அக்காளும் புத்தகத்தை விரித்து அமர்ந்தவுடன், ஆவலோடு அருகில் வரும் மூன்று வயதுக் குழந்தையிடம் நாம் சொல்லும் முதற்சொல் என்ன? "தொந்தரவு செய்யாதே, போய் விளையாடு" என்பதுதானே! படிப்பு பெரிய பிள்ளைகளுக்கே உரியது, கடைக்குட்டி அதற்கு இடையூறு என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். இம்முடிவு சரிதானா என்பதை மாணவ நண்பர்களும் பேராசிரியப் பெருமக்களும் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோர் நம் நாட்டில் மிகச் சிலரே. ஆயினும் எல்லா வீடுகளும் பள்ளியாக நேர்ந்த காலம் ஒன்று உண்டு. கொரோனாப் பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் வந்தது. அங்கன்வாடிக்கும் போக முடியாத சின்னஞ்சிறுசுகளை யார் பார்ப்பது? பெற்றோர் வேலைக்குச் சென்ற வீடுகளில் அப்பொறுப்பு பெரும்பாலும் மூத்த பெண்ணின் இடுப்பில் ஏறியது. தம்பியைச் சுமந்தவள் பாடத்தை இழந்தாள். பள்ளிகள் திறந்த பின்னும் மாலை வேளைகளில் இந்நிலை முற்றிலும் மாறிவிடவில்லை. ஆகவே, கடைக்குட்டிக்குப் பாயில் இடம் கேட்பது அக்காளின் படிப்புக்காகவும்தான்.

பல வயதினர் கூடிக் கற்பது நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இளையோருக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுத்தான். 1789-இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் காப்பகத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நம் நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். மூத்த மாணவரைக் கொண்டு இளையோருக்குக் கற்பிக்கும் முறையை அங்கு வளர்த்தார். 1797-இல் அவர் எழுதிய நூலுக்குப் பின் அது 'சென்னை முறை' என்ற பெயரோடு இங்கிலாந்தில் பரவியது. 1939-இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரும், மூன்று முதல் ஆறு வயதுவரையுள்ள குழந்தைகளை ஒரே அறையில் பழகவிட்டவரே.

சரி, கடைக்குட்டிக்கு என்ன வேலை கொடுப்பது? அக்காள் கணக்குப் போடும்போது புளியங்கொட்டையையும் சோழியையும் கலந்து கொடுத்துப் பிரித்து வைக்கச் சொல்லலாம்; வாயில் போட்டுக் கொள்ளாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அண்ணன் அறிவியல் படித்தால், தம்பி முற்றத்து இலைகளைச் சிறிது பெரிதாக அடுக்கட்டும். தமிழ்ப் பாடத்துக் கதையை அண்ணன் உரக்கப் படிக்கட்டும். சின்னவனுக்குப் புரியும்படி சொல்ல முயலும்போது அண்ணனுக்கே பாடம் தெளிவாகும். ஒரு சிலேட்டும் ஒரு பலப்பமும் போதும், தானும் படிக்கிறோம் என்ற பெருமிதத்தில் குழந்தை நிமிர்ந்து அமரும். பத்து நிமிடத்தில் எழுந்து ஓடினால் ஓடட்டும். திரும்பி வரும்போது இடம் இருந்தால் போதும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்ற பழமொழியைச் சொல்லி, மூன்று வயதிலேயே பென்சிலைத் திணித்து எழுத்தை நூறு முறை எழுதச் சொல்வோர் உளர். வளைப்பது வேறு, ஒடிப்பது வேறு. அவ்வயதுக்கு விளையாட்டே பாடம். மற்றொன்று, அக்காளைக் கூலியில்லா ஆசிரியை ஆக்கிவிடக் கூடாது. அரைமணி நேரம் சின்னவனோடு என்றால், மீதி நேரம் முழுவதும் அவளுக்கே உரியது. அண்ணனும் தந்தையும் தத்தம் பங்கை ஏற்க வேண்டும்.

வீட்டுப் பாய் அங்கன்வாடிக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. 2002-இல் வந்த 86-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்குட்பட்டோருக்கோ, அரசு முயல வேண்டும் என்பதோடு நின்றது. அம்முயற்சி முழுமை பெறக் குரல் கொடுப்பதும் நம் கடமையே.

நண்பர்களே! நம்மில் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். நம் வீட்டிலும் அடுத்த வீட்டிலும் கடைக்குட்டிகள் இருக்கிறார்கள். நாம் பெற்ற கல்வியின் பயன் முதலில் அவர்களைச் சேரட்டும். மாலையில் பாய் விரிக்கும்போது, இன்னும் ஒருவர் அமர இடம் விட்டு விரிப்போம்.