பேனா யார் கையில்?

பஹாட்கஞ்ச் நடைபாதையில் அன்று விற்ற மஞ்சள் புத்தகம் இன்று கைபேசிக்குள் புகுந்துவிட்டது. அதிலும் பெண் விடுதலை உண்டாம், சிலர் வாதாடுகிறார்கள். எழுதுவதும் ஆண், காசு பார்ப்பதும் ஆண். அட்டையில் மட்டும் பெண்! இதுவா விடுதலை?

ஆனால் காமத்தை எழுதினாலே கேடு என்று நாம் சொல்லமாட்டோம். தஞ்சை அரசவையில் இருந்த முத்துப்பழனி தெலுங்கில் பாடிய 'ராதிகா சாந்த்வனம்' நூலை 1910-இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் முழுமையாகப் பதிப்பித்தார். (திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பியவரும் இவரே.) விதவை மறுமணத்துக்குப் போராடிய வீரேசலிங்கமே அதை ஆபாசம் என்றார். வெட்கம் பெண்ணுக்கு மட்டும்தானா, சிருங்காரம் பாடிய ஆண் புலவர்களுக்கு இல்லையா என்று அம்மையார் திருப்பிக் கேட்டார். வெள்ளையன் தடை போட்டான். பிரகாசம் சென்னை மாகாண முதல்வரான பிறகே அது நீங்கியது.

2002-இல் குட்டி ரேவதி தம் கவிதைத் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்தபோதும் அதே கூச்சல். கூச்சலிட்டவர் எவரும் மஞ்சள் புத்தகக் கடை முன் மறியல் செய்து நாம் பார்த்ததில்லை.