இட்டசித்திப் பொய்கையும் இன்றைய வணிகரும்

திருச்சியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் விராலிமலையைக் கடந்து சற்றுத் தொலைவு போனால் கொடும்பாளூர். இன்று அது சிற்றூர். ஒரு காலத்தில் இருக்குவேளிரின் தலைநகர். அழிந்தது போக எஞ்சி நிற்கும் மூவர் கோயிலைக் காண வருவோர் கல்லின் அழகைக் கண்டு வியந்து திரும்புகின்றனர். நாமும் வியக்கிறோம். சிற்பியின் உளிக்குத் தலைவணங்குவதில் பகுத்தறிவாளனுக்கு இழுக்கு ஒன்றுமில்லை. ஆயினும் நாம் முதலில் பேச எடுத்துக்கொண்டது கோயிலை அன்று; குளத்தை.

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் வருகிறது அந்தக் குளம். உறையூரை விட்டுப் புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் வழியில் ஒரு சோலையிலே மாங்காட்டு மறையவனைச் சந்திக்கின்றனர். மதுரைக்கு வழி எது எனக் கோவலன் கேட்கிறான். கொடும்பையின் நெடிய குளக்கரையை அடைந்தால் பாதை மூன்றாகப் பிரியும் என்கிறான் மறையவன். வலப்புறம் சிறுமலை வழி. இடப்புறம் திருமால்குன்ற வழி. இடையிலே ஊர்களினூடே செல்லும் வழி. இடப்புற வழியைச் சொல்லும்போதுதான் அவனுடைய நாவில் தேன் சொட்டுகிறது! அந்தக் குன்றிலே ஒரு பிலம் உண்டாம். அதிலே மூன்று பொய்கைகள் உண்டாம். ஒன்றில் மூழ்கினால் இந்திரன் செய்த இலக்கணம் வந்துவிடுமாம். இன்னொன்றில் மூழ்கினால் முற்பிறப்பு தெரிந்துவிடுமாம். மூன்றாவதன் பெயர் இட்டசித்தி. அதில் மூழ்கியெழுந்தால் நினைத்ததெல்லாம் கைகூடுமாம்!

கோவலன் நிலையை எண்ணிப் பாருங்கள். பொருளையெல்லாம் இழந்தவன், மனைவியின் சிலம்பை விற்று வாழ்வைத் தொடங்கப் போகிறவன், கால் கடுக்க நடந்து வந்தவன். நினைத்ததெல்லாம் கிடைக்கும் குளம் பக்கத்தில் இருக்கிறது என்று அவனிடம் சொன்னால் எப்படி இருக்கும்? விடை சொன்னவர் கோவலன் அல்லர், கவுந்தியடிகள். இலக்கணம் வேண்டுமென்றால் அது எங்கள் அருகனின் நூலிலேயே இருக்கிறது. முற்பிறப்பின் பயனை இப்பிறப்பிலேயே காணலாம். வாய்மையினின்று வழுவாமல் உயிர்களைப் பேணி வாழ்பவருக்குக் கிட்டாத பொருள் எது? நீ உன் வழியே போ, நாங்கள் எங்கள் வழியே போகிறோம் என்று முடித்துவிட்டார் அந்த மூதாட்டி.

இந்தப் பழங்கதை இன்று எதற்கு என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். இட்டசித்திப் பொய்கை மறுபடியும் திறக்கப்பட்டிருக்கிறது, தோழர்களே! அதனால்தான் சொல்கிறோம்.

கைப்பேசியைத் தொட்டால் ஒருவர் வந்து நிற்கிறார். மேலே கோட்டு, பின்னே விண்மீன் கூட்டம். பிரபஞ்சத்திடம் கேள், அது கொடுக்கும் என்கிறார். விரும்பியதை நோட்டிலே நாள்தோறும் இத்தனை முறை எழுது என்கிறார். கார் வேண்டுமா, அதன் படத்தைச் சுவரில் ஒட்டு. ஒட்டிவிட்டு, அதில் ஏறி அமர்ந்துவிட்டதாகவே எண்ணு என்கிறார். இதற்கு ஈர்ப்பு விதி என்று பெயராம்! ஈர்ப்பு விதி என்று ஒன்றை நாமும் பள்ளியில் படித்திருக்கிறோம். நியூட்டன் 1687இல் அதை வெளியிட்டபோது கணக்கோடு வெளியிட்டார். எவரும் சரிபார்க்கலாம், தவறென்றால் மறுக்கலாம். இவர்களின் விதிக்குக் கணக்கு இல்லை, கட்டணம் மட்டும் உண்டு. மாங்காட்டு மறையவனாவது பொய்கைக்கு நுழைவுச்சீட்டு விற்கவில்லை.

சோதிடனை விரட்டிவிட்டோம் என்று மகிழ்ந்திருந்த வீட்டுக்குள்ளேயே இவர் நுழைந்துவிடுகிறார். சோதிடன் மூடநம்பிக்கை, இது மனோதத்துவம் என்று படித்தவர்களே பரிந்து பேசுகிறார்கள். நன்றாக உற்றுப் பாருங்கள். வேலை தேடி ஓய்ந்த பட்டதாரியிடம் சோதிடன், உன் தலையெழுத்து சரியில்லை என்றான். இவரோ, உன் எண்ணம் சரியில்லை என்கிறார். தலையெழுத்தைக் காட்டியவன் ஏழையைப் பாவம் செய்தவன் ஆக்கினான். எண்ணத்தைக் காட்டுகிறவர் ஏழையைத் தவறாக எண்ணியவன் ஆக்குகிறார். பரிகாரத்துக்குப் பணம் இருவருக்குமே உண்டு. வேலை ஏன் இல்லை, நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி ஏன் குறைவு என்ற கேள்வி இருவர் வாயிலும் வராது. இவர்கள் இருவரும் பகைவர்களா? பங்காளிகள்!

எண்ணத்துக்கு ஆற்றல் இல்லை என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதானால் இதழ் நடத்துவதே வீண் வேலை. ஒருவன் தன்னைத் தாழ்ந்தவன் என்று எண்ணுகிறான். அந்த எண்ணம் அவன் முதுகை வளைக்கிறது. வளைந்த முதுகு கேட்கவேண்டிய கேள்வியை விழுங்குகிறது. கேட்கப்படாத கேள்வி கூலியைக் குறைக்கிறது. குறைந்த கூலி மறுநாளும் அவன் முதுகை வளைக்கிறது. எண்ணம் செயலாகி, செயல் பழக்கமாகி, பழக்கம் குணமாகிவிட்ட பின்னர் அதைப் பிறவிக்குணம் என்று பெயரிட்டு ஊர் அழைக்கிறது. மனிதனின் தன்மையை அவன் எண்ணம் ஆக்குகிறது என்பதில் நமக்கு ஐயமில்லை. எண்ணம் அங்கே செயலின் வழியாகவே நுழைகிறது. படத்தைச் சுவரில் ஒட்டுவது செயல் ஆகாது, பசை வீண்.

கவுந்தியடிகளின் மூன்றாவது விடையை நாம் ஏற்பது இந்தக் காரணத்தால்தான். நினைப்பதால் கிடைக்கும் என்ற குளத்தை ஒதுக்கிவிட்டு, நடந்துகொள்ளும் முறையிலே நம்பிக்கை வைத்தார் அவர். இரண்டாவது விடையில் மட்டும் அவரை விட்டு விலகுகிறோம். இன்றைய வாழ்வு முற்பிறப்பின் விளைவு என்று அவர் நம்பினார். சமணத் துறவி அப்படித்தான் நம்புவார். அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு எத்தனை நூற்றாண்டுகள் எத்தனை பேரைச் சேரிக்குள் அடைத்து வைத்தார்கள் என்பது நமக்குத் தெரியும்.

கோவலனுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பார்த்துவிடுவோம். மூவரும் இடைவழியே மதுரைக்குச் சென்றார்கள். அங்கே அவன் வெட்டுண்டான். அவன் தீயன எண்ணியதாலா? அன்று காலை அவன் எண்ணியதெல்லாம் சிலம்பை விற்று நேர்மையாக வாணிகம் தொடங்குவது பற்றித்தானே! பொற்கொல்லன் ஒருவனின் வஞ்சக எண்ணமும், ஆராயாமல் ஆணையிட்ட மன்னனின் அசட்டையும் சேர்ந்து அவனைக் கொன்றன. காப்பியமோ பழியை ஊழ்வினைமேல் போடுகிறது. நாம் கேட்கிறோம்: ஊழ்தான் காரணம் என்றால் கண்ணகி அரண்மனைக்குப் போனது ஏன்? சிலம்பை உடைத்து உள்ளிருந்த பரலைச் சான்றாகக் காட்டியது ஏன்? விதியிடம் யாரும் சான்று காட்டி வழக்காடுவதில்லை. வழக்கு மன்னனோடுதான், தீர்ப்பும் அவன்மீதுதான். நூலாசிரியர் ஊழ் என்று முன்னுரை சொன்னாலும், அவர் படைத்த பெண் அதை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை.

ஒருவன் எண்ணம் அவன் வாழ்வை ஆக்கும் என்பது பாதி உண்மை. அதிகாரம் உள்ளவன் எண்ணம் பிறர் வாழ்வையும் ஆக்கும் என்பது மற்றப் பாதி. கொடும்பாளூருக்கே திரும்புவோம். மூவர் கோயிலை எழுப்பிய பூதி விக்கிரமகேசரி, தன் பெயரிலும் தன் தேவியர் இருவர் பெயரிலும் மூன்று விமானங்கள் எழுப்பினான். காளாமுகத் துறவி ஒருவருக்கு மடம் தந்து, 50 துறவிகள் உண்பதற்குப் 11 ஊர்களைக் கொடுத்தான் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. புண்ணியம் சேரும் என்று மன்னன் எண்ணினான்; அது அவன் எண்ணம். 11 ஊர்களில் ஏர் பிடித்தவன் என்ன எண்ணினான் என்று எந்தக் கல்லும் பேசவில்லை. அவன் விளைச்சல் எங்கே போகவேண்டும் என்பதை மன்னனின் எண்ணம் முடிவு செய்தது. இன்று மூன்று விமானங்களில் இரண்டு நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம்.

மனம் எப்படியோ வாழ்வு அப்படி என்ற கருத்துக்கு உலகெங்கும் பெயர் தேடித் தந்த நூல் ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் எழுதிய சிறு நூல். அதைத் தமிழில் ‘மனம்போல வாழ்வு’ எனத் தந்தவர் யார் தெரியுமா? வ. உ. சிதம்பரனார்! 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டு வெள்ளையர் கம்பெனியோடு மோதியவர். 1908இல் இரண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் 40 ஆண்டுகள் என்று தீர்ப்புப் பெற்றவர். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தும் கோவைச் சிறையிலே செக்கிழுத்தவர். அந்தச் சிறைக்காலத்தில் அவர் மொழிபெயர்த்த நூல் அது. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கப்பல் இல்லை, கம்பெனி இல்லை, வழக்கறிஞர் சன்னதும் இல்லை. சென்னையில் கடை வைத்துப் பிழைக்க முயன்றார். வறுமை அவரை விடவில்லை.

இன்றைய வணிகரை நாம் கேட்கிறோம். சிதம்பரனாரின் எண்ணத்தில் என்ன குறை கண்டீர்? நினைத்தது நடக்கும் என்ற விதி அவரிடம் ஏன் வேலை செய்யவில்லை? கப்பலைப் படமாகவா ஒட்டினார், கடலிலேயே ஓட்டினாரே! அவரை வீழ்த்தியது அவர் எண்ணம் அன்று. ஏகாதிபத்தியத்தின் எண்ணம், அதன் கையிலிருந்த சட்டம், சிறை, கட்டணத்தைக் குறைத்துப் போட்டியை நசுக்கிய பணபலம். அவர் எண்ணம் அவருக்குச் செல்வத்தைத் தரவில்லை. செக்கடியிலும் குனியாத குணத்தைத் தந்தது. அந்தக் குணத்தைப் பெரிது என்கிறோம். அதைக் காட்டி, நல்லெண்ணம் உடையவன் நிச்சயம் செல்வன் ஆவான் என்று எவராவது சொன்னால் அது அந்தப் பெரியவரை அவமதிப்பதாகும்.

குறளைக்கூட இவர்கள் விட்டுவைக்கவில்லை. நீரின் அளவுக்கே மலரின் தண்டு நீளும், உள்ளத்தின் அளவுக்கே மாந்தர் உயர்வர் என்ற கருத்தை மேடைதோறும் முழங்குகிறார்கள். உவமையைச் சற்று நின்று பார்க்கவேண்டாமா? குளத்திலே நீர் இருந்தால் அல்லவா தண்டு நீளும்! குளத்தை ஒருவன் வளைத்து வேலி போட்டுக்கொண்டு, வெளியே காய்ந்து கிடக்கும் கொடியைப் பார்த்து உனக்கு ஊக்கம் போதாது என்றால் அதை அறிவுரை என்போமா, ஆணவம் என்போமா?

வேலியைப் பிரித்த கதைகள் இதே புதுக்கோட்டை மண்ணில் உண்டு. 1886இல் இங்கே பிறந்தவர் முத்துலட்சுமி. தாய் சந்திரம்மாள், பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் நிலவிய குலத்தவர். அந்தக் குலத்துப் பெண்ணுக்கு வாழ்வு இன்னது என்று ஊர் முன்னமே எண்ணி வைத்திருந்தது. ஆண்கள் படித்த கல்லூரியிலே அவர் இடம் கேட்டபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் இசைவு தந்து கதவு திறந்தது. படிக்கவேண்டும் என்ற எண்ணம் அவருடையதுதான். அந்தக் கதவு திறக்காவிட்டால் அந்த எண்ணம் என்ன ஆகியிருக்கும்? 1912இல் மருத்துவராகி வெளிவந்தார். சென்னைச் சட்டமன்ற மேலவையின் துணைத்தலைவர் ஆனார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். 1947இல் சட்டம் வந்தது. தம் வாழ்வு உயர்ந்ததோடு அவர் நிறைவடைந்திருந்தால் பிரபஞ்சம் கொடுத்தது என்று யாராவது கதை கட்டியிருப்பார்கள். அவரோ மற்றப் பெண்களின் வாழ்வை முன்கூட்டியே எழுதி வைத்திருந்த ஊராரின் எண்ணத்தைச் சட்டத்தால் அழித்தார். அடையாற்றில் 1954இல் அவர் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை இன்றும் உயிர்களைக் காக்கிறது.

இன்னொன்று, நமக்கு மிகவும் பிடித்தது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அம்மையார், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க ஊக்கம் தந்தார். கல் உடைப்பவர், களை பறிப்பவர், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி ஏறினர். ஆண்கள் கேலி பேசினார்கள். பெண்களுக்கான வண்டி கடைகளில் தட்டுப்பட்டபோது ஆண்கள் வண்டியையே வாங்கி ஓட்டினார்கள். தண்ணீர்க் குடமும் பிள்ளையும் விளைபொருளும் அந்த வண்டியில் ஏறின. பேருந்துக்காகவும், அழைத்துச்செல்லத் தந்தைக்காகவும் கணவனுக்காகவும் காத்திருந்த வாழ்வு மாறியது. என்னால் முடியும் என்று முதலில் ஆயிரம் முறை எழுதிவிட்டா ஏறினார்கள்? ஏறினார்கள், விழுந்தார்கள், முழங்கால் சிராய்த்தது, மறுபடி ஏறினார்கள். அதன்பின் வந்தது அந்த எண்ணம். எண்ணம் செயலுக்குத் தாய் என்பார்கள். இங்கே சைக்கிள் தாயாக இருந்தது!

இதே மாவட்டத்தின் மறுபக்கத்தையும் மறைக்கமாட்டோம். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தாழ்த்தப்பட்ட மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்த செய்தி நாட்டையே தலைகுனிய வைத்தது. அதற்காகச் சென்ற ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் பக்கத்து இறையூரில் கண்டது தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை. அய்யனார் கோயிலில் அம்மக்களுக்கு நுழைவு இல்லை. நாடு விடுதலை அடைந்து 75 ஆண்டுகள் கடந்த பின்னர்! அங்கே தனிக் குவளையில் தேநீர் வாங்கியவர் தம்மை என்ன எண்ணிக்கொண்டாலும் குவளை மாறியிருக்குமா? குவளையிலே குடியிருந்தது அவர் எண்ணம் அன்று, கடைக்காரரின் எண்ணம், ஊரின் எண்ணம். ஆட்சியர் கவிதா ராமு அம்மக்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றதும், கடைமீது வழக்குப் பாய்ந்ததும்தான் அந்த எண்ணத்தை அசைத்தன.

வாசகசாலை நடத்தும் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். விருப்பத்தை நாள்தோறும் எழுதச் சொல்லி விற்கும் அந்த நோட்டு உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கைக்கு வந்தால் பிடுங்காதீர்கள். தாள் நல்ல தாள். முதல் பக்கத்தில் ஊரிலுள்ள தேநீர்க் கடைகளின் பெயர்களை எழுதச் சொல்லுங்கள். எந்தக் கடையில் எத்தனை வகைக் குவளை என்று எதிரே குறிக்கச் சொல்லுங்கள். அடுத்த பக்கத்தில் சேரியின் குடிநீர்த் தொட்டி எப்போது கழுவப்பட்டது என்ற நாள். அதற்கடுத்து, பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட பெண்கள் எத்தனை பேர், நிறுத்தியவர் சொன்ன காரணம் என்ன. நோட்டு நிரம்பியதும் அதை எடுத்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள், சைக்கிளிலேயே போகலாம்.