பாவம் அந்த கமா!

அமெரிக்காவில் ஒரு கமா இல்லாததால் ஒரு பால் கம்பெனிக்கு 50 லட்சம் டாலர் செலவு வந்த கதை பலருக்கும் தெரிந்திருக்கும். மெய்ன் மாநிலத்து ஓக்ஹர்ஸ்ட் டெய்ரிதான் அந்தக் கம்பெனி. ஆனால் சொல்கிறவர்கள் எல்லோரும் கமாவோடு நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதைவிட ருசியான சங்கதி அதில் இன்னொன்று இருக்கிறது.

அந்த மாநிலச் சட்டத்தில் எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாது என்று ஒரு பட்டியல். கேனிங், பிராசஸிங் என்று ஆரம்பித்து, ஸ்டோரிங் வரை வந்து, 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று முடியும். ஷிப்மென்ட்டுக்குப் பிறகு கமா இல்லை. பால் வண்டி டிரைவர்கள் இதை மட்டும் பிடித்துக்கொள்ளவில்லை. பட்டியலில் உள்ள வேலைகள் எல்லாம் 'இங்' என்று முடிகின்றன, டிஸ்ட்ரிபியூஷன் மட்டும் அப்படி இல்லை. எனவே அது தனி வேலை அல்ல, பேக்கிங் எதற்காக என்பதைத்தான் சொல்கிறது, நாங்கள் பேக்கிங் செய்வதில்லை என்றும் வாதம் வைத்தார்கள். சட்டம் தெளிவாக இல்லை என்று 2017-ல் அப்பீல் கோர்ட் அவர்கள் பக்கம் சாய்ந்தது. 2018-ல் 50 லட்சத்துக்கு சமரசம். இதற்கிடையே சட்டத்தைத் திருத்தினார்கள். கமாக்கள் அரைப்புள்ளி ஆனதோடு, டிஸ்ட்ரிபியூஷன் 'டிஸ்ட்ரிபியூட்டிங்' ஆகிவிட்டது. கவனித்தீர்களா?

ஆக, ஒரே வரிசையில் நிற்கும் சொற்கள் ஒரே உருவில் இருப்பது அழகுக்காக இல்லை. எது எதோடு சேரும் என்பதைப் படிக்கிறவர் அதை வைத்துத்தான் பிடிக்கிறார்.

நம்மாட்கள் இதில் ஏன் வழுக்குகிறோம்? 'கடைக்குப் போய், புத்தகம் வாங்கி, வீட்டுக்கு வந்தேன்' என்கிறோம். வந்தேனை 'வருவேன்' ஆக்கிப் பாருங்கள். போய், வாங்கி இரண்டையும் தொடவே வேண்டாம். தமிழில் கடைசி வினை காலத்தைச் சுமந்துகொள்ளும், மற்றதெல்லாம் எச்சம். இங்கிலீஷில் வென்ட், பாட், கேம் என்று ஒவ்வொன்றும் தன் காலத்தைத் தானே சுமக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில்தான் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் 'வி கலெக்டட் த டேட்டா, அனலைஸ் இட்' என்று எழுதிவிடுகிறோம் என்று தோன்றுகிறது.

ஆனால் காது நமக்கும் உண்டு. 'பாடவும் ஆட்டமும் தெரியும்' என்று யாராவது சொன்னால் உடனே நெருடும். 'பாடவும் ஆடவும்' என்பதற்கு யாரும் நமக்கு ரூல் சொல்லித்தரவில்லை. இங்கிலீஷ் வகுப்பில் இந்த 'உம்'மிலிருந்து ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்துவிடும். அங்கே தமிழே வரக்கூடாது என்பதில்தான் பலருக்குக் கவுரவம்!

எல்லா வினையும் ஒரே காலத்தில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நேற்று செய்த பரிசோதனை பாஸ்ட் டென்ஸ், தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பது பிரசன்ட் டென்ஸ். அது தப்பே இல்லை.

கேம்பஸ் இன்டர்வியூ நேரம் வேறு. ரெஸ்யூமேயில் வினைச்சொற்களை மட்டும் பென்சிலால் வட்டம் போட்டு, அவற்றின் வாலைப் பாருங்கள். 'டிசைன்ட், டெஸ்டிங், டு மெயின்டெய்ன்' என்று இருந்தால், 'டிசைன்ட், டெஸ்டட், மெயின்டெய்ன்ட்' என்று மாற்றிவிட்டு பிரின்ட் எடுங்கள்.