சங்கத்துக்கு வருகிறோம், தெருக்கூட்டத்துக்கு?

நம் சங்கத்தின் பொங்கல் விழாவன்று மண்டபத்தில் நிற்கவும் இடமில்லை. அதே வாரம் செம்பூரில் எங்கள் தெரு வடிகால் பற்றிப் பேசக் கூடிய கூட்டத்துக்கு வந்த தமிழர்கள், என்னையும் சேர்த்து இரண்டே பேர். இன்னொருவர் என் மனைவி.

'இந்த ஊர் வம்பு நமக்கெதற்கு சார்' என்கிறார்கள். முப்பது நாற்பது வருடமாக இங்கேதான் குடியிருக்கிறோம். சொந்த ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தவறாமல் நன்கொடை அனுப்புகிறோம். தினமும் நடக்கிற தெருவுக்கு மட்டும் இன்னமும் விருந்தாளிகள்! இது அடக்கமல்ல, சோம்பல் என்பது என் அபிப்பிராயம். கோபிக்க வேண்டாம், ரயில்வேயில் இருந்தவரை நானும் அப்படித்தான்.

வழி இல்லாமலும் இல்லை. 1992இல் நிறைவேறிய 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது. மும்பையில் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் 'ஏ.எல்.எம்.' என்ற தெருக்குழுக்கள் வந்தன. காட்கோபரில் ஜோஷி லேன்வாசிகள் குப்பையை ஈரம், உலர்ந்தது என்று பிரித்துக் காட்டியதுதான் அதற்கு ஆரம்பம். 2022 மார்ச்சில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்து, மூன்று வருடத்துக்கு மேல் கார்ப்பரேட்டரே இல்லாதிருந்தபோது, பல தெருக்களில் குறை சொல்ல இந்தக் குழுவை விட்டால் வேறு கதி இல்லை.

ஆனால் குழு என்று ஒன்று இருந்தால் போதுமா? எங்கள் கதையைச் சொல்கிறேன்.

2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியது, அன்று மூழ்கியதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. எங்கள் தெருவோ சாதாரண மழைக்கே முழங்கால் ஆழம். மும்பையின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழையைக் கணக்கிட்டுக் கட்டியவை, கடல் ஏற்றத்தில் அதுவும் வடியாது. இதையெல்லாம் எழுதி, மட்டம் பார்த்து, வரைபடம் போட்டு, பெரிய குழாய் வேண்டுமென்று நான்கு பக்க மனு தயாரித்தேன். டிப்ளமோக்காரனின் பெருமை!

கையெழுத்து வாங்கும்போது, முனையில் வடா பாவ் விற்கும் அம்மாள் எட்டிப் பார்த்தார். பின்னால் உள்ள சாலில் குடியிருப்பவர். "காகா, தண்ணீர் முதலில் நிற்பது உங்கள் கேட்டருகில்தான். அங்கே ஒரு ஜாலி இருந்ததே, அது எங்கே?" என்றார். போய்ப் பார்த்தோம். கார்கள் திரும்ப வசதியாக எங்கள் சொஸைட்டி கேட்டை அகலப்படுத்தியபோது போட்ட கான்கிரீட்டின் அடியில், வடிகாலின் வாய் மூடிக் கிடந்தது. என் மனுவில் குற்றவாளி வார்டு அலுவலகம், நிஜத்தில் நாங்கள்.

தண்டவாளம் எங்கே தொய்கிறதென்று தினமும் நடந்து பார்க்கும் கீமேனுக்குத்தான் முதலில் தெரியும், டிராலியில் போகிற எங்களுக்கு அப்புறம்தான். முப்பது வருடத்துக்கு மேல் இதைத் தெரிந்து வேலை பார்த்தவன், என் தெருவில் மறந்துவிட்டேன். சால்வாசிகளை ஒரு கூட்டத்துக்கும் அழைத்ததில்லை. 'ஃபிளாட் ஓனர்கள்' போதும் என்று நினைத்தோம்.

கான்கிரீட்டை உடைக்கவும் சண்டை. இரண்டு கார்க்காரர்கள் இன்றும் என்னோடு பேசுவதில்லை. தண்ணீர் இப்போதும் வருகிறது, ஆனால் கணுக்காலோடு நின்று ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடுகிறது. பெரிய குழாய்க்கான மனுவைத் திருத்தி எழுத வேண்டும், இம்முறை சாலையும் சேர்த்து.

அதற்காகக் கூட்ட நேரத்தை மாற்றிவிட்டோம். ஞாயிறு காலை பத்து மணி எங்களைப் போன்ற பென்ஷன்காரர்களுக்குத்தான் சௌகரியம்; சால் பெண்களில் பலர் அந்நேரம் வீட்டுவேலைக்குப் போயிருப்பார்கள். இனி இரவு எட்டரை. நடவடிக்கைக் குறிப்பை மராத்தியில் எழுதி, கூட்டத்திலேயே படித்துக் காட்டுகிறோம்.

அடுத்த கூட்டத்தன்று நம் சங்கத்தில் நாடகமாம். நாடகம் ஆறு மணிக்கு. முடிந்ததும் நேரே வந்துவிடலாம். நாற்காலி போட்டு வைக்கிறேன்.