இடக்கரடக்கல் யாருக்காக?

அவையில் சொல்லக் கூசும் சொல்லை மறைத்து வேறு சொல்லால் உரைப்பதை இடக்கரடக்கல் என்கிறது நம் இலக்கணம். 'கால் கழுவி வந்தேன்' என்னும் எடுத்துக்காட்டை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறோம். மலம் இன்று மருந்தாகியிருக்கிறது என்ற செய்தியைச் சொன்னாலோ, பெருமாள்முருகனின் 'பீக்கதைகள்' படித்த இலக்கிய அன்பர்களே முகம் சுளிக்கிறார்கள். அந்தச் சுளிப்பைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம்.

ஆன்டிபயாடிக் மருந்துகள் குடலின் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து அழித்துவிடும்போது, 'கிளாஸ்டிரிடியம் டிஃபிசில்' என்னும் கிருமி பெருகி, விட்டுவிட்டு வரும் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்குகிறது. நலமுள்ளவரின் மலக்கரைசலை இத்தகையோரின் குடலில் செலுத்திப் பார்த்த நெதர்லாந்து மருத்துவர்கள், 2013இல் முடிவை வெளியிட்டனர். 16 பேரில் 15 பேர் குணமடைந்தனர். வான்கோமைசின் மருந்து மட்டும் பெற்ற 13 பேரில் குணமடைந்தவர் 4 பேரே. நம் நாட்டிலும் லூதியானா தயானந்த் மருத்துவக் கல்லூரியினர் பெருங்குடல் புண் நோய்க்கு இம்முறையைச் சோதித்து வந்திருக்கிறார்கள்.

ஆய்வகத்தில் நடப்பது என்ன? முதலில் கொடையாளரின் இரத்தமும் மலமும் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி வைரஸ்கள், ஒட்டுண்ணிகள், மருந்துக்கு அடங்காத கிருமிகள் ஆகியவற்றுக்காகச் சோதிக்கப்படுகின்றன. பின்னர், கழித்த ஆறு மணி நேரத்துக்குள் குறைந்தது 30 கிராம் மலத்தை எடுத்து, உப்புநீரில் கரைத்து, சக்கை நீக்கி வடித்து, கிளிசரால் சேர்த்து, மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் உறையவைக்கிறார்கள். சோதனையில் ஓட்டை விழுந்தால் உயிரே போகும். மருந்துக்கு அடங்காத ஈ.கோலை கிருமி இவ்வழியே இருவருக்குத் தொற்றி, அவர்களில் ஒருவர் இறந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019இல் அறிவித்தது. வீட்டு மிக்ஸியில் செய்து பார்க்கும் வைத்தியமன்று இது.

இத்தனை சோதித்த பின்னும் அருவருப்பு என்கிறோம். கொங்கு வீட்டு வாசல்களில் சாணம் தெளிக்கிறோம். சடங்கில் தரும் பஞ்சகவ்யத்தை எச்சோதனையும் கேளாமல் உள்ளங்கையில் ஏந்திப் பருகுகிறோம். ஆகவே அருவருப்பு பொருளில் இல்லை; அதைத் தொடுகின்ற கை யாருடையது என்பதில் இருக்கிறது.

ஆய்வகத்தில் 30 கிராமைத் தொடுபவருக்குக் கையுறை உண்டு, முகக்கவசம் உண்டு, காற்றை வடிகட்டும் பேழையும் உண்டு. வேண்டியவைதாம். ஆனால் மலக்குழிக்குள் கழுத்தளவு இறங்குபவருக்கு என்ன உண்டு? பாதுகாப்புக் கருவியின்றி அவரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 10 இலட்சத்திலிருந்து 30 இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்ததே ஒழியச் சாவு நிற்கவில்லை.

ஒரே பொருளை ஒருவர் தொட்டால் அறிவியல், இன்னொருவர் தொட்டால் தீட்டு என்பதற்குச் சாதி தவிர வேறு பெயர் இருந்தால் அன்பர்கள் சொல்லட்டும். 1925இல் 'குடி அரசு' வெளிவந்த ஈரோட்டில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறோம். இதற்குமா இடக்கரடக்கல்?