பட்டும் ஷூவும்

மோதி பாக் தமிழ்க் குடும்பங்களில் காஞ்சிபுரம் பட்டு, கல்யாணம், நவராத்திரி என்றால்தான் பீரோவை விட்டு வெளியே வரும். பாப் பாடகி உஷா உதுப்புக்கோ அதுதான் வேலைக்குப் போகும் உடை. 1969இல் சென்னை மவுண்ட் ரோடு 'நைன் ஜெம்ஸ்' இரவு விடுதியில் மேடையேறியபோதே புடவைதான். டெல்லி ஓபராய் ஹோட்டலில் இவர் பாடியதைக் கேட்ட தேவ் ஆனந்த் சினிமாவுக்கு அழைத்தபோதும் புடவைதான்.

மேலைநாட்டில் 1990இல் மடோனா கூம்பு வடிவ மேலாடையில் வந்து பரபரப்பூட்டினார். உஷாவுக்கு அதற்கு முன்பே, இழுத்துப் போர்த்திய புடவையிலேயே வம்பு வந்தது. 1980களில் மேற்கு வங்க அமைச்சர் ஜதின் சக்கரவர்த்தி, 'கலாசாரச் சீரழிவு' என்று இவருக்கு அரசு அரங்குகளை மறுத்தார். உஷா கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார்.

மணிக்கணக்கில் நிற்கும் கால்களுக்காகப் பின்னாளில் பட்டுத்துணி ஒட்டிய ஷூ சேர்ந்துகொண்டது. 2024இல் பத்மபூஷண் வந்தது. புடவை மாறவில்லை, பார்த்தவர்கள்தான் மாறினார்கள்.