அன்றாடச் சாப்பாட்டின் சிவப்புத் துணை

ஒயின் என்றதும் பலருக்கு நினைவு வருவது பணக்காரர் வீட்டு விருந்துதான். மெல்லிய கண்ணாடிக் கோப்பை. தூசி படிந்த பழைய புட்டி. விலையைக் கேட்டால் தலை சுற்றும்!

ஒயின் வேர் விட்டு வளர்ந்த ஊர்களில் கதையே வேறு. பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின் ஆகிய நாடுகளில் நெடுங்காலமாக அது உழைப்பாளியின் பானம். ரொட்டி, சூப்பு, ஒயின் மூன்றும் சேர்ந்தால்தான் அங்கே சாப்பாடு. நம் வீடுகளில் சாதத்தோடு மோர் வந்து சேருவது போல, அங்கே ராச் சாப்பாட்டோடு சிவப்பு ஒயின் வந்து சேர்ந்தது. அதற்காக யாரும் புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு பிரசங்கம் செய்வதில்லை. ஊற்றினார்கள், குடித்தார்கள், பாத்திரம் கழுவப் போனார்கள்.

இன்றும் பிரான்சு நாட்டுக் கடைகளில் 3 ஈரோ, 5 ஈரோ விலையில் குடிக்கத் தக்க சிவப்பு ஒயின் கிடைக்கிறது. ஆனால் இந்த மலிவான புட்டிக்குத்தான் இப்போது கஷ்டகாலம். சீமான்களின் புட்டியைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. அதை வாங்க ஆள் இருந்துகொண்டே இருக்கும்.

நட்சத்திரப் புட்டி

சென்ற நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சு மளிகைக் கடைகளில் ஒரு லிட்டர் கண்ணாடிப் புட்டி ஒன்று இருந்தது. அதன் கழுத்தைச் சுற்றி நட்சத்திரங்கள் பொறித்திருக்கும். காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் திரும்ப வரும். உள்ளே இருப்பது ஊர் பேர் இல்லாத சிவப்பு ஒயின். தெற்கே லாங்குடாக் பகுதியில் விளைந்ததும், கடல் கடந்து அல்ஜீரியாவிலிருந்து வந்ததும் அதில் கலந்திருக்கும்.

முதல் உலகப்போரில் பிரெஞ்சுச் சிப்பாய்க்கு நாள்தோறும் ஒயின் படி அளந்தார்கள். 1914-ல் அது கால் லிட்டர். பிறகு அரை லிட்டராயிற்று. ஒயின் வழக்கம் இல்லாத வட்டாரங்களிலிருந்து வந்த இளைஞர்கள் பலர் பதுங்கு குழியில் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

1960-ம் ஆண்டு வாக்கில் பிரான்சில் ஓர் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் ஒயின் செலவாயிற்று. குழந்தைகளையும் சேர்த்துப் போட்ட கணக்கு இது! குழந்தைகளைச் சேர்ப்பதும் பொருத்தம்தான். பள்ளிக்கூடச் சாப்பாட்டில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தண்ணீர் கலந்த ஒயின் கொடுக்கும் வழக்கம் 1956-ல்தான் தடை செய்யப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், பிரதமர் மெண்டஸ் பிரான்சு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் திட்டத்தைக் கொண்டு வந்தார். நாடே சிரித்தது. சிரித்தவர்கள் பக்கம் நியாயம் இல்லை. பிள்ளைக்குப் பால்தான் சரி.

இப்போது அந்த 100 லிட்டர், 40 லிட்டர் அளவுக்கு இறங்கிவிட்டது. 1980-ல் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தினமும் அல்லது அநேகமாகத் தினமும் ஒயின் குடித்தார்கள். 2022-ல் அப்படிக் குடிப்பவர்கள் பத்தில் ஒருவர் அளவே.

துவர்ப்பு செய்யும் வேலை

சாப்பாட்டோடு சிவப்பு ஒயின் ஏன்? இதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

கருந்திராட்சையின் தோலோடும் கொட்டையோடும் சாறு ஊறிப் புளிப்பதால் ஒயினுக்குச் சிவப்பு நிறம் வருகிறது. கூடவே துவர்ப்பும் வருகிறது. பால் விடாத கெட்டித் தேநீரைக் குடித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்கிறதே, அதே துவர்ப்புதான். எச்சிலில் உள்ள புரதத்தை அது பற்றிக்கொள்ளும். வாய் வறண்டது போல் ஆகும். தேநீரில் பால் விட்டால் துவர்ப்பு அடங்கிவிடுகிறது. பாலில் உள்ள புரதத்தை அது பிடித்துக்கொள்வதே காரணம். பாலாடைக்கட்டியும் கறித்துண்டும் ஒயினுக்கு அதே வேலையைச் செய்கின்றன. ஒயின் மென்மை ஆகிறது. கொழுப்புச் சாப்பாட்டின் திகட்டலும் குறைகிறது. ஒன்றுக்கு ஒன்று உபகாரம்.

ஆகவே, வெறும் வயிற்றில் குடித்தால் முகம் சுளிக்க வைக்கும் மலிவு ஒயின், சாப்பாட்டோடு சேர்ந்தால் நல்ல பிள்ளையாகிவிடும். விலை கூடிய ஒயினிடம் இந்தப் பணிவை எதிர்பார்க்க முடியாது. தன்னையே கவனிக்கச் சொல்லும். குழம்பை மறக்கச் சொல்லும். செவ்வாய்க்கிழமை இரவு, நாள் முழுவதும் வேலை பார்த்துக் களைத்தவர்களுக்கு அது எதற்கு?

இத்தாலியர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தக்காளிச் சாறு ஊற்றிய பாஸ்தா புளிப்பானது. அதற்குப் புளிப்புள்ள ஒயின்தான் ஈடு கொடுக்கும். வடமேற்கே பியெட்மான்ட் பகுதியில் விளையும் பார்பெரா அப்படிப்பட்டது. துவர்ப்பு குறைவு, புளிப்பு அதிகம். டஸ்கனியின் கியாந்தி ஒயினும் அந்த வகைதான். வைக்கோல் பின்னிய குண்டுப் புட்டியில் வந்து அது உலகப் புகழ் பெற்றது. அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் அதை வெள்ளை மொச்சையோடும், நேற்றைய ரொட்டியை ஊறவைத்துக் காய்ச்சிய சூப்போடும் குடித்தார்கள்.

பிரான்சில் காமே என்று ஒரு திராட்சை ஜாதி உண்டு. 1395-ல் பர்கண்டியை ஆண்ட பிலிப் என்ற பிரபு, இந்தக் கொடி மட்டமானது, அடியோடு வெட்டி எறியுங்கள் என்று ஆணையிட்டார். கொடி தெற்கே போஷோலே மலைச்சரிவில் போய்ப் பிழைத்துக்கொண்டது. இன்று பன்றி இறைச்சித் தொத்தலும் வேகவைத்த பயறும் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தப் போஷோலேதான் முதல் துணை. பிரபுவின் ஆணை அவர் எல்லையோடு நின்றுவிட்டது!

சில சின்ன விஷயங்கள் இங்கே பெரியவை. சிவப்பு ஒயினை அறையின் சூட்டில் குடிக்க வேண்டும் என்பார்கள். கணப்பு மட்டும் இருந்த காலத்துக் குளிர்ந்த வீடுகளுக்குச் சொன்னது அது. இன்றைய வீட்டுக்குப் பொருந்தாது. மலிவான சிவப்பு ஒயினைக் குளிர்ப்பெட்டியில் அரைமணி நேரம் வைத்து எடுத்தால் சாராய நெடி அடங்கும். திறந்த புட்டியை அன்றே காலி செய்தாக வேண்டும் என்பதும் இல்லை. மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். பிறகும் மீந்தால் குழம்பில் ஊற்றலாம். காரம் தூக்கலான சமையலுக்கு மட்டும் துவர்ப்பான சிவப்பு ஒயின் ஆகாது. மிளகாய் எரிச்சலைச் சாராயம் இன்னும் கிளறிவிடும்.

விலையும் நாக்கும்

விலை கூடினால் ருசி கூடும் என்பது பலருடைய நம்பிக்கை. விஞ்ஞானிகள் அதைச் சோதித்துப் பார்த்தார்கள்.

2001-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி. இடம், ஒயினுக்குப் பேர் போன போர்தோ நகரம். ஒயின் படிப்பு படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கே உரிய வாசனைகளை எல்லாம் அவர்கள் அதில் கண்டார்கள்!

2008-ல் அமெரிக்காவில் இன்னொரு சோதனை. ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்று சொன்னபோது அதிகம் ருசித்தது. மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். இன்பத்தை உணரும் பகுதியும் அப்போது அதிகம் வேலை செய்தது. பொய் சொல்லவில்லை, பாவம். உண்மையிலேயே ருசித்திருக்கிறது. ருசித்தது விலை.

அதே ஆண்டில் வெளியான மூன்றாவது ஆராய்ச்சியில், விலையை மறைத்து ருசி பார்த்த 6,000-க்கும் மேற்பட்ட கணக்குகளை அலசினார்கள். தனிப்பயிற்சி இல்லாத சாதாரண மக்கள், விலை கூடிய ஒயினைச் சற்றுக் குறைவாகவே விரும்பினார்கள் என்று தெரிய வந்தது.

மலிவானது எல்லாம் நல்லது என்று இதற்கு அர்த்தம் அல்ல. கெட்டுப்போன ஒயினும் மலிவு விலைக்குத்தான் வரும். ஆனால் அன்றாடச் சாப்பாட்டுக்கு 5 ஈரோ ஒயின் போதும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

காப்பிக்கடைக்காரர் கிளப்பிய புயல்

மலிவு ஒயின் நாணயமாக இருக்க வேண்டும் என்பதற்காக உயிரே போயிருக்கிறது.

1907-ம் ஆண்டு. லாங்குடாக் பகுதியில் ஒயின் விலை அடிமட்டத்துக்கு விழுந்தது. விளைச்சல் மிதமிஞ்சியது ஒரு காரணம். சர்க்கரையும் தண்ணீரும் கலந்து செய்த போலி ஒயின் இன்னொரு காரணம். ஓட் மாவட்டத்தில் அர்ஷெலியே என்ற சிற்றூரில் மார்செலின் ஆல்பர்ட் என்பவர் இருந்தார். சிறு காப்பிக்கடை வைத்திருந்தார். கொஞ்சம் கொடித்தோட்டமும் உண்டு. மார்ச் 11-ந் தேதி 87 விவசாயிகளைக் கூட்டிக்கொண்டு நார்பான் நகருக்கு நடந்தார்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் கூட்டம். ஆயிரம் பத்தாயிரமாகி, பத்தாயிரம் லட்சமாகியது. ஜூன் 9-ந் தேதி மான்ட்பெலியர் நகரில் 5 லட்சம் பேர் திரண்டதாகச் சொல்லப்படுகிறது. அரசாங்கம் பட்டாளத்தை அனுப்பியது. நார்பானில் துப்பாக்கி வெடித்தது, மக்கள் மாண்டார்கள். அந்தச் சேதி கேட்டு 17-வது காலாட்படையின் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். அவர்களும் அந்த மண்ணின் பிள்ளைகள்தானே! தங்கள் தகப்பன்மாரைச் சுடமாட்டோம் என்று நின்றார்கள்.

ஆல்பர்ட் இரகசியமாகப் பாரிஸ் சென்று பிரதமர் கிளமென்சோவைப் பார்த்தார். கிளமென்சோ சாமர்த்தியசாலி. திரும்பிப் போக ரெயில் செலவுக்கு என்று 100 பிராங்க் நோட்டு ஒன்றைக் கொடுத்தார். வெளுத்த மனசுக்காரர் வாங்கிக்கொண்டார். அரசாங்கத்திடம் பணம் வாங்கிவிட்டார் என்று செய்தி பரவியது. அதோடு அவருடைய செல்வாக்குப் போயிற்று.

ஆனால் போராட்டம் வீண்போகவில்லை. ஜூன் 29-ந் தேதி போலி ஒயினைத் தடுக்கச் சட்டம் வந்தது. இன்று 3 ஈரோ புட்டியிலும் திராட்சைச் சாறுதான் இருக்கிறது என்று நம்பி வாங்க முடிகிறது என்றால், அந்தக் காப்பிக்கடைக்காரருக்கும் அதில் பங்கு உண்டு.

டாக்டர்கள் சொல்வது

இங்கே ஒரு விஷயத்தை மூடி மறைக்கக் கூடாது. ஒயின் மருந்து அல்ல.

தண்ணீரில் நோய்க்கிருமி இருந்த காலத்தில், ஒயினை உடம்புக்கு நல்ல பானம் என்று லூயி பாஸ்டரே எழுதினார். 1991-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று, பிரெஞ்சுக்காரர்களின் இதயத்தைச் சிவப்பு ஒயின் காப்பாற்றுகிறது என்ற கருத்தைப் பரப்பியது. அங்கே சிவப்பு ஒயின் விற்பனை பாய்ந்தது. பிற்கால ஆராய்ச்சிகள் அந்த நம்பிக்கையை ஆட்டம் காண வைத்துவிட்டன. மது எந்த அளவிலும் ஆபத்தற்றது அல்ல என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார ஸ்தாபனம் கூறியது. புற்றுநோய்க்கு அது ஒரு காரணம் என்பதில் சந்தேகம் இல்லை.

பிரான்சு நாட்டு நிபுணர்கள் 2017-ல் ஒரு வரம்பு சொன்னார்கள். வாரத்துக்கு 10 கோப்பைக்கு மேல் வேண்டாம், ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம், தினமும் வேண்டாம். ஒரு கோப்பை என்பது 100 மில்லி லிட்டர். அதாவது ஒரு புட்டிக்கு ஏழரை கோப்பை. வீட்டில் ஊற்றுகிறவர்கள் இதைவிடத் தாராளமாகவே ஊற்றுகிறார்கள்!

குடிக்காதவர் தொடங்க வேண்டிய அவசியமே இல்லை. குடிக்கிறவர் 100 லிட்டரிலிருந்து 40-க்கு வந்தது நாட்டுக்கு நன்மை. பழைய காலத்துத் தொழிலாளி தினம் ஒரு லிட்டர் குடித்து ஈரல் கெட்டுச் செத்ததை யாரும் பொற்காலம் என்று சொல்ல வேண்டாம்.

வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒயின் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்துகொண்டிருக்கிறது. சாப்பிடும்போது ஒரு கோப்பை என்பது போய், சனிக்கிழமை இரவில் நண்பர்களோடு சாப்பாடு இல்லாமல் பல கோப்பை என்ற பழக்கம் வருமானால், அது லாபம் அல்ல. மேசையில் சோறு ஒரு வரம்பு. குடும்பம் ஒரு வரம்பு. நாளைக் காலை வேலை ஒரு வரம்பு. தட்டு காலியானால் கோப்பையும் ஓய்ந்துவிடும். மதுக்கடையில் அந்த வரம்பு கிடையாது.

பிடுங்கப்படும் கொடிகள்

விற்காத ஒயின் பெருகிவிட்டது. அதை வாங்கி அழிக்க 2023 ஆகஸ்டில் பிரெஞ்சு அரசாங்கம் 20 கோடி ஈரோ ஒதுக்கியது. அதைக் காய்ச்சி எடுக்கும் சாராயம் வாசனைத் தைலத்துக்கும் கைகழுவும் மருந்துக்கும் போகும். அடுத்த ஆண்டு, கொடியையே பிடுங்கப் பணம். ஹெக்டேருக்கு 4,000 ஈரோ வீதம் 30,000 ஹெக்டேர் வரை பிடுங்கத் திட்டம் வந்தது. பணம் வாங்கியவர்கள் 2029 வரை புதிதாகக் கொடி நட முடியாது.

பிடுங்க முன்வந்தவர்களில் லாங்குடாக் விவசாயிகள் ஏராளம். மலிவு ஒயினை ஊருக்கெல்லாம் கொடுத்தவர்கள் இவர்கள்தாம். வயது முதிர்ந்தவர்கள்; பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். 4,000 ஈரோ அவர்களுக்கு ஈடு ஆகாது. ஆனாலும் கைக்கு வருகிற காசு.

நஷ்டம் அவர்களோடு நிற்கவில்லை. ஆல்பர்ட் பிறந்த அதே ஓட் மாவட்டத்தில், கொர்பியேர் மலைப்பக்கம் 2025 ஆகஸ்டில் காட்டுத்தீ பிடித்தது. ஏறக்குறைய 16,000 ஹெக்டேர் எரிந்தது. ஓர் உயிரும் போயிற்று. புல் பூண்டு இல்லாமல் உழுது வைத்த கொடித்தோட்டங்கள் முன்பெல்லாம் தீயைத் தடுத்து நிறுத்தும். கொடியைப் பிடுங்கித் தரிசாகப் போட்ட நிலத்தில் காய்ந்த புதர் மண்டிக் கிடந்தது. தீ அந்த வழியாகத்தான் ஓடி வந்தது என்றார்கள் அந்த ஊர் விவசாயிகள்.